கூட்டுறவு வங்கி உரிமம் ரத்து: அப்பா அம்மா டெபாசிட் பணம் எப்படி, எப்போது கைக்கு வரும்?

#1 ராகவி_சயான்
வணக்கம். மும்பையில் எங்கள் குடும்பம் நெடுங்காலமாகக் கணக்கு வைத்திருந்த ஒரு நகரக் கூட்டுறவு வங்கியின் உரிமத்தை ரிசர்வ் வங்கி ரத்து செய்துவிட்டது. வங்கியின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்த வங்கியாக இருந்தாலும் என் கேள்விகள் இவைதான்.

கட்டுப்பாடு வந்தது போன வருஷமே. புது டெபாசிட் வாங்கக் கூடாது, புதுக் கடன் கொடுக்கக் கூடாது, கணக்கிலிருந்து ஒரு சிறு தொகைக்கு மேல் எடுக்கவும் முடியாது. அப்போதே காப்பீட்டுப் பணத்துக்கு விருப்பக் கடிதம் கேட்டார்கள். அப்பா கொடுக்கவில்லை. "ஒரு பெரிய வங்கியோடு இணைப்பு பேசிக்கொண்டிருக்கிறோம், அவசரப்படாதீங்க, வட்டி போயிடும்" என்று கிளையில் சொன்னார்கள். பல வருஷப் பழக்கம், அப்பா நம்பினார். இப்போது இணைப்பும் இல்லை, உரிமமும் இல்லை.

அப்பாவுக்கு வயது 71. ஓய்வுக்காலப் பணம் முழுக்க அங்கேதான். செய்தியில் "99 சதவீதம் பேருக்கு முழுப் பணமும் கிடைக்கும்" என்று படித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அந்த மீதி ஒரு சதவீதத்தில் நாங்கள் இருக்கிறோமா என்று யாரிடம் கேட்பது? கிளைக்குப் போனால் ஷட்டர் பாதி இறக்கியிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 செம்பூர்_முருகன்
ராகவி, எங்கள் கட்டடத்திலும் இரண்டு வீட்டுக்காரர்கள் இதே நிலையில் இருக்கிறார்கள். ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். பதில் வருகிறவரை இந்த இழையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

#3 தணிக்கை_பெரியவர்
கூட்டுறவு வங்கிகளில் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிதானமாகப் படியுங்கள், கொஞ்சம் நீளும்.

உரிமம் ரத்து என்றால் அந்த நிமிஷத்திலிருந்து அது வங்கி இல்லை. டெபாசிட் வாங்கவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது. அதனால்தான் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. ரிசர்வ் வங்கி அதே நாளில் மாநிலக் கூட்டுறவுச் சங்கப் பதிவாளரிடம் "வங்கியைக் கலைக்க உத்தரவிட்டு ஒரு லிக்விடேட்டரை நியமியுங்கள்" என்று கேட்கும். லிக்விடேட்டர் என்றால் கலைப்பு அதிகாரி. உங்கள் அப்பா இனி பேச வேண்டியது அந்த லிக்விடேட்டரிடம். பழைய மேலாளரும் இயக்குநர்களும் என்ன உறுதி சொன்னாலும் அதற்கு இனி மதிப்பில்லை.

அடுத்தது பணம். வைப்புத்தொகை காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம், சுருக்கமாக டிஐசிஜிசி, ஒரு டெபாசிட்தாரருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை தரும். இந்த வரம்பு 2020 பிப்ரவரி 4 முதல்தான். அதற்கு முன்பு 1993-இலிருந்து 1 லட்சமாகவே கிடந்தது. சேமிப்பு, நடப்பு, எஃப்டி, ஆர்டி எல்லாம் இதில் சேரும். ஒரே வங்கியின் நாலு கிளையில் பிரித்துப் போட்டிருந்தாலும் கூட்டி ஒன்றாகத்தான் பார்ப்பார்கள்.

கழகத்துக்கு நீங்கள் நேராக மனு போட வேண்டியதில்லை. லிக்விடேட்டர் பொறுப்பேற்ற 3 மாதத்துக்குள் டெபாசிட்தாரர் பட்டியலைத் தயாரித்து அனுப்ப வேண்டும். பட்டியல் வந்த 2 மாதத்துக்குள் கழகம் பணம் தர வேண்டும். இது சட்டத்தில் உள்ள கெடு. நடைமுறையில் கேஒய்சி (அடையாளம், முகவரிக்கான ஆவணங்கள்) இல்லாத கணக்குகள்தான் தங்கிப்போகும். பட்டியலில் உங்கள் பெயர், முகவரி, வேறு வங்கிக் கணக்கு எண் எல்லாம் சரியாக ஏறுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் கையில் இருக்கும் வேலை அது ஒன்றுதான்.

போன வருஷம் கேட்ட விருப்பக் கடிதம் வேறு வழி. 2021-இல் சட்டத்தைத் திருத்தி 18அ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வங்கி மூடப்படும்வரை காத்திருக்காமல், கட்டுப்பாடு போட்ட 90 நாளில் காப்பீட்டுத் தொகையைத் தர வேண்டும் என்பது அது. முதல் 45 நாளில் வங்கி பட்டியல் கொடுக்க வேண்டும், அடுத்த 30 நாள் சரிபார்ப்பு, கடைசி 15 நாள் பட்டுவாடா. அப்பா அதை விட்டதால் உரிமை போய்விடவில்லை. காலம்தான் போயிருக்கிறது. உரிமம் ரத்தான தேதியில் இருந்த அசலையும் வட்டியையும் வைத்து இப்போது கணக்குப் போடுவார்கள்.

கடைசியாக அந்த 99 சதவீதம். அது ஆட்களின் கணக்கு, பணத்தின் கணக்கு இல்லை. எந்த நகரக் கூட்டுறவு வங்கியிலும் பெரும்பாலோர் சிறு சேமிப்புக்காரர்கள். ஆயிரமும் பத்தாயிரமும் வைத்திருப்பவர்களைச் சேர்த்தால் 99 எளிதாக வந்துவிடும். 2022-இல் புனே ரூபீ கூட்டுறவு வங்கியை மூடியபோது 99 சதவீதத்துக்கு மேல் என்றார்கள். 2024 ஜூனில் மும்பை சிட்டி கூட்டுறவு வங்கி உரிமம் ரத்தானபோது அதே வாக்கியத்தில் 87 சதவீதம்தான் இருந்தது. மீதி 13 சதவீதம் பேர் பெரும்பாலும் ஓய்வூதியர்களும் குடியிருப்போர் சங்கங்களும் சிறு வியாபாரிகளுமாகத்தான் இருப்பார்கள். நான் பார்த்த வங்கிகளில் அப்படித்தான் இருந்தது.

உங்கள் வீட்டுக் கணக்குகள் யார் யார் பெயரில், எந்த வரிசையில் இருக்கின்றன என்று எழுதுங்கள். வரிசை முக்கியம்.

#4 ராகவி_சயான்
ரொம்ப நன்றி ஐயா. அப்பாவிடம் உட்கார்ந்து எல்லா ரசீதையும் எடுத்தோம்.

அப்பா பெயரில் மட்டும் எஃப்டி 4,70,000. வட்டி சேர்ந்தால் 5 லட்சத்தைத் தாண்டும். அப்பா முதல் பெயர், அம்மா இரண்டாவதாக ஒரு எஃப்டி 3,00,000. அம்மா முதல், அப்பா இரண்டாவதாக இன்னொன்று 4,00,000. அம்மாவின் சேமிப்புக் கணக்கில் 60,000. வங்கிப் பங்கு 25,000, அந்தக் காலத்தில் வீட்டுக் கடன் வாங்கியபோது கட்டாயமாக எடுக்கச் சொன்னது.

சித்தப்பாவும் அதே வங்கிதான். அவருக்கு ஒரு சின்ன ஸ்டேஷனரிக் கடை. கடைப் பெயரில் நடப்புக் கணக்கில் 3 லட்சம், சொந்தப் பெயரில் எஃப்டி 5.5 லட்சம். அங்கேயே 2 லட்சம் கடன் பாக்கியும் உண்டு. கடை வேறு, ஆள் வேறு என்பதால் இரண்டுக்கும் தனித்தனியாக 5 லட்சம் வரை வரும் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

#5 தணிக்கை_பெரியவர்
உங்கள் அப்பா அம்மா கணக்கு நான் பயந்த அளவுக்கு இல்லை.

அப்பாவின் தனிக் கணக்குக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், தாண்டிய வட்டி மட்டும் தொங்கும். 'அப்பா–அம்மா' கூட்டுக் கணக்கும் 'அம்மா–அப்பா' கூட்டுக் கணக்கும் பெயர் வரிசை மாறியிருப்பதால் வெவ்வேறு உரிமையில் வைத்த டெபாசிட்களாகக் கருதப்படும். ஒவ்வொன்றுக்கும் தனியாக 5 லட்சம் வரம்பு. அம்மாவின் சேமிப்புக் கணக்கு அதிலும் தனி. ஆக, கிட்டத்தட்ட எல்லாமே காப்பீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஒரே வரிசையில் இரண்டு எஃப்டியும் போட்டிருந்தால் 7 லட்சமும் ஒரே கணக்காகி 2 லட்சம் மாட்டியிருக்கும்.

பங்குத் தொகை 25,000-ஐ மறந்துவிடுங்கள். அது டெபாசிட் இல்லை, காப்பீடும் இல்லை. வங்கி பணம் தர வேண்டியவர்கள் எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சினால்தான் பங்குதாரருக்கு. மூலதனம் கரைந்துபோன வங்கியில் மிஞ்சாது. ஈடு உள்ள கடனுக்கு இரண்டரை சதவீதம், ஈடில்லாத கடனுக்கு 5 சதவீதம் என்று பங்கு எடுக்க வைப்பது நகரக் கூட்டுறவு வங்கிகளில் இருந்துவந்த விதி. பலருக்கு அது பங்கு என்பதே தெரியாமல் 'கடன் டெபாசிட்' என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சித்தப்பா விஷயம் வருத்தமானது. தனி உரிமையாளர் கடையும் அவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். கூட்டு நிறுவனமாக இருந்திருந்தால் கடைக் கணக்கு தனி. இப்போது இரண்டையும் கூட்டி எட்டரை லட்சம். ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு. அவர் வங்கிக்குத் தர வேண்டிய கடனை முதலில் டெபாசிட்டில் கழித்துவிட்டு, மீதியின் மேல்தான் 5 லட்சம் வரம்பைப் போடுவார்கள். எட்டரையில் 2 போனால் ஆறரை. அதில் 5 லட்சம் வரும். கடனும் தீரும். நிற்பது ஒன்றரை லட்சம். (கடனுக்கு வட்டி ஏறியிருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

அவர் பதற்றத்தில் வெளியே கைமாற்று வாங்கி அந்த 2 லட்சத்தை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்தால் மாட்டிக்கொள்ளும் தொகை மூன்றரை லட்சமாகிவிடும். லிக்விடேட்டர் வந்ததும் 'என் கடனை என் டெபாசிட்டில் நேர் செய்யுங்கள்' என்று எழுத்தில் கொடுத்து ஒப்புதல் ரசீது வாங்கச் சொல்லுங்கள்.

#6 ராகவி_சயான்
ஐயா, சித்தப்பா நேற்று மச்சானிடம் பணம் கேட்டுவிட்டார், கடனை அடைக்கத்தான்! இப்போதே போன் போடுகிறேன்.

#7 கரூர்_தமிழரசி
எனக்குக் கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் எங்கள் ஊர் லட்சுமி விலாஸ் வங்கிக்கு என்ன நடந்தது? நவம்பர் 17 மாலை தடை, 25 ஆயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஊரே ஏடிஎம் வாசலில் நின்றது. பத்தே நாளில், 27-ஆம் தேதி, டிபிஎஸ் வங்கியோடு இணைத்துவிட்டார்கள். பங்கு வைத்திருந்தவர்கள் எல்லாம் இழந்தார்கள், எங்கள் தெருவிலேயே அழுத குடும்பங்கள் உண்டு. ஆனால் டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய் குறையவில்லை.

அதே நாட்டில், அதே ரிசர்வ் வங்கியின் கீழ், மும்பையின் பிஎம்சி (பஞ்சாப் மகாராஷ்டிரா) கூட்டுறவு வங்கியில் பணம் போட்டவர்கள் 2019 செப்டம்பரிலிருந்து 2022 ஜனவரி வரை தெருவில் நின்றார்கள். முதலில் ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். ரூபீ வங்கிக்குக் கட்டுப்பாடு 2013 பிப்ரவரியில், மூடியது 2022 செப்டம்பரில். குஜராத்தின் மாதவ்புரா வங்கி 2001 பங்குச் சந்தை ஊழலில் விழுந்தது, உரிமம் ரத்தானது 2012-இல். தனியார் வங்கிக்குப் பத்து நாள், கூட்டுறவு வங்கிக்குப் பத்து வருஷமா? ராகவியின் அப்பா போன்றவர்கள் என்ன இரண்டாந்தரக் குடிமக்களா?

#8 வழக்குரைஞர்_தாராவி
தமிழரசி, நியாயமான கோபம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ரிசர்வ் வங்கி தானே ஒரு இணைப்புத் திட்டம் எழுதி நிறைவேற்ற வழி தருவது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. லட்சுமி விலாஸ் அப்படித்தான் இணைக்கப்பட்டது. 2020 வரை அந்த அதிகாரம் கூட்டுறவு வங்கிகளுக்குப் பொருந்தவில்லை. வங்கித் தொழில் ரிசர்வ் வங்கியின் கையில், சங்கமும் நிர்வாகமும் மாநிலப் பதிவாளரின் கையில் என்று இரட்டை ஆட்சி. 1966-இல் தொடங்கியது அது. இயக்குநர் குழுவைக் கலைக்க வேண்டும் என்றால் ஒருவர் கடிதம் எழுத, இன்னொருவர் யோசிக்க, மாதங்கள் போகும். பிஎம்சி வீழ்ச்சிக்குப் பிறகு 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகுதான் பிஎம்சியை யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைக்க முடிந்தது. அங்கேயும் 5 லட்சத்துக்கு மேல் போட்டவர்களுக்கு மீதிப் பணம் பத்து வருஷம் வரை தவணையாகத்தான்.

இப்போது வேகம் கூடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மும்பை நியூ இந்தியா கூட்டுறவு வங்கிக்கு 2025 பிப்ரவரி 13-இல் கட்டுப்பாடு, ஆகஸ்ட் 4-இல் சரஸ்வத் வங்கியோடு இணைப்பு. ஆறு மாதத்துக்குள் முடிந்தது, டெபாசிட்தாரர்களுக்கு இழப்பில்லை. அதை ஏற்க ஒரு பலமான வங்கி முன்வந்தது. ராகவியின் வங்கிக்கு யாரும் வரவில்லை என்றால் உள்ளே உள்ள ஓட்டை அவ்வளவு பெரிது என்று பொருள்.

#9 தஞ்சை_கூட்டுறவாளன்
இழை முழுக்கப் படித்தேன். கூட்டுறவு என்றாலே திருட்டு என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

1904-இல் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டே சென்னையில் தொடங்கியதுதான் இன்றைய மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி. வட்டிக்காரனிடம் நிலத்தை எழுதிக்கொடுத்த காலத்தில் இவைதான் விவசாயியைக் காப்பாற்றின. இன்றும் காய்கறி மண்டியில் கூடை தூக்கும் பெண்ணுக்கு ஐயாயிரம், பத்தாயிரத்துக்கு நகைக்கடன் தருவது யார்? பெரிய வங்கியில் அவளை உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஒரு நகரக் கூட்டுறவு வங்கியை மூடினால் அந்த ஊரில் கந்துவட்டிக்காரன் கடையை விரிக்கிறான். 2004-இல் நாட்டில் 1,926 நகரக் கூட்டுறவு வங்கிகள் இருந்தன. 2024 மார்ச்சில் 1,472. இப்படியே போனால் என்ன மிஞ்சும்?

உரிமத்தை ரத்து செய்வது எளிது. கெட்ட இயக்குநரை மட்டும் பிடித்து உள்ளே போட்டு, வங்கியை நடக்க விட வேண்டும்.

#10 தணிக்கை_பெரியவர்
தஞ்சைத் தம்பி, உங்கள் அக்கறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நானும் அந்த இயக்கத்தில் சோறு தின்றவன்தான். ஆனால் 'நடக்க விட வேண்டும்' என்ற அந்த ஒரு வார்த்தையால்தான் டெபாசிட்தாரர்கள் அழிகிறார்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், எடுத்துக்காட்டுக்குத்தான். ஒரு வங்கியில் மக்கள் போட்ட டெபாசிட் 100 கோடி. பங்கு மூலதனமும் ஒதுக்கீடும் 8 கோடி. கொடுத்த கடன் 70 கோடி, மீதி அரசுப் பத்திரமும் ரொக்கமும். அந்த 70 கோடியில் 30 கோடி ஒரே கட்டுமான முதலாளிக்குப் போயிருக்கிறது. அவர் பெயரில் இருக்காது. டிரைவர் பெயரில், மைத்துனர் பெயரில், காகிதத்தில் மட்டும் உள்ள கம்பெனிகள் பெயரில் இருக்கும். ஒரு கடனுக்குத் தவணை வராவிட்டால் இன்னொரு பெயரில் புதுக் கடன் கொடுத்துப் பழையதை அடைப்பார்கள். புத்தகத்தில் வாராக்கடனே தெரியாது. லாபம் காட்டுவார்கள், டிவிடெண்டும் கொடுப்பார்கள். உண்மையில் 8 கோடி மூலதனம் என்றோ தீர்ந்து, 22 கோடி டெபாசிட்தாரர் பணம் போயிருக்கும்.

பிஎம்சியில் நடந்தது இதன் பெரிய உரு. கடன் தொகையில் 70 சதவீதத்துக்கு மேல் எச்டிஐஎல் என்ற ஒரே கட்டுமானக் குழுமத்துக்கு. அதை மறைக்க 21,000-க்கு மேற்பட்ட பொய்க் கணக்குகள்.

இயக்குநருக்கும் அவர் உறவினருக்கும் கடன் கொடுக்கக் கூடாது என்று 2003-இலேயே தடை போட்டாயிற்று. பினாமி பெயருக்கு அந்தத் தடை என்ன செய்யும்? தணிக்கையில் ஒரே முகவரியில் ஏழெட்டுக் கடன்களைப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அடுத்த வருஷம் போனால் அதே குறிப்பு, 'நடவடிக்கை எடுக்கப்படுகிறது' என்ற பதிலோடு அப்படியே இருக்கும்.

இப்போது அந்த வங்கியை 'நடக்க விட்டால்' என்ன ஆகும்? சம்பளம், வாடகை, மின்சாரம் எல்லாம் மிச்சமிருக்கும் நல்ல சொத்திலிருந்து போகும். ஒழுங்காகக் கட்டுகிற கடன்காரர்கள் கடனை முடித்துவிட்டு வேறு வங்கிக்குப் போய்விடுவார்கள். கட்டாதவர்கள் மட்டும் நிற்பார்கள். விவரம் தெரிந்த பெரிய ஆள்கள் ஏதாவது ஒரு வழியில் பணத்தை எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் 5 லட்சத்துக்கு மேல் போட்டவர்களுக்குக் கிடைக்கக்கூடியது குறைந்துகொண்டே வரும். கூட்டுறவு வங்கிக்குப் புது மூலதனமும் சுலபமில்லை. எத்தனை பங்கு வாங்கினாலும் ஓட்டு ஒன்றுதான். நட்டத்தில் உள்ள வங்கியில் யார் கோடிகளைக் கொட்டுவார்?

உரிமம் ரத்தான நாளில் ராகவியின் சித்தப்பாவுக்கு எந்த நட்டமும் வரவில்லை. நட்டம் அதற்கு வெகுமுன்பே, கடன் கையெழுத்தான நாளில் வந்துவிட்டது. ரிசர்வ் வங்கி மேல் எனக்கும் கோபம் உண்டு. இவ்வளவு தாமதமாக மூடியதுக்காக. ஆய்வு அறிக்கையில் தெரிந்ததை உள்ளே வைத்துக்கொண்டு, டெபாசிட் போடுகிறவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததுக்காக.

#11 தஞ்சை_கூட்டுறவாளன்
ஐயா, ஏழெட்டுக் கடன், ஒரே முகவரி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கும் சில முகங்கள் ஞாபகம் வந்தன. சீக்கிரம் தலையிட வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் சின்ன ஊர் வங்கிகளுக்கு முதல் எச்சரிக்கையிலேயே பக்கத்து நல்ல கூட்டுறவு வங்கியோடு இணைத்துவிடும் ஏற்பாடு வேண்டும் என்று இன்னும் சொல்வேன். மூடியபின் அந்த ஊரில் ஒரு கிளைகூட இல்லாமல் போகக் கூடாது.

#12 தணிக்கை_பெரியவர்
அதில் முழு உடன்பாடு. 2025 ஏப்ரலிலிருந்து நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் உடனடித் திருத்த நடவடிக்கை என்ற முறை வந்திருக்கிறது. மூலதனம் குறையத் தொடங்கியதுமே கை வைக்கலாம். ஆனால் 100 கோடிக்குள் டெபாசிட் உள்ள மிகச் சிறிய வங்கிகள் அதில் சேரவில்லை. நீங்கள் சொல்கிற சின்ன ஊர் வங்கிகள் அவைதான்.

#13 கல்யாண்_பாட்டி
எனக்குப் பேரன் தட்டச்சு செய்து தருகிறான். நான் ஒரு பத்பேடியில் 4 லட்சம் போட்டிருக்கிறேன். ஒன்றரை சதவீதம் வட்டி அதிகம் தருகிறார்கள். பாஸ் புத்தகம் இருக்கிறது, கம்ப்யூட்டர் ரசீதும் இருக்கிறது. 5 லட்சத்துக்குள் இருப்பதால் எனக்குப் பயம் இல்லைதானே?

#14 வழக்குரைஞர்_தாராவி
பாட்டி, இதைக் கவனமாகக் கேளுங்கள். பத்பேடி என்பது கடன் சங்கம், ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கி இல்லை. அதற்கு டிஐசிஜிசி காப்பீடு ஒரு ரூபாய்க்கும் கிடையாது. தமிழ்நாட்டில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், பணியாளர் சிக்கன நாணயச் சங்கம், நிதி கம்பெனிகள் எதற்கும் இந்தக் காப்பீடு இல்லை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கிக்கும் நகரக் கூட்டுறவு வங்கிக்கும் உண்டு.

பெயர்ப்பலகையில் 'வங்கி' என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து நம்பவும் கூடாது. சில சங்கங்கள் அனுமதியில்லாமல் அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டு, உறுப்பினர் அல்லாதவர்களிடமும் டெபாசிட் வாங்குகின்றன என்று ரிசர்வ் வங்கியே 2021 நவம்பரில் எச்சரித்தது. டிஐசிஜிசி இணையதளத்தில் காப்பீடு உள்ள வங்கிகளின் பட்டியல் இருக்கிறது. பேரனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் சங்கம் நல்ல சங்கமாகவே இருக்கலாம். ஆனால் நாலு லட்சமும் உங்கள் முழுச் சேமிப்பு என்றால், முதிர்வுத் தேதி வரும்போது பெரும்பகுதியை வேறு இடத்துக்கு மாற்றுவது நல்லது.

#15 கல்யாண்_பாட்டி
முதிர்வு அடுத்த மாதம். எடுத்துவிடுகிறேன் தம்பி. நீங்கள் நல்லா இருக்கணும்.

#16 செம்பூர்_முருகன்
5 லட்சத்துக்கு மேல் மாட்டியவர்களுக்கு எதுவுமே வராதா? எங்கள் கட்டடத்துக்காரருக்கு 14 லட்சம். யாரோ ஒரு ஏஜென்ட் வந்து, "பத்து சதவீதம் கமிஷன் கொடுத்தால் கழகத்தில் ஆள் வைத்து முழுப் பணமும் வாங்கித் தருகிறேன்" என்கிறானாம்.

#17 வழக்குரைஞர்_தாராவி
அந்த ஏஜென்டை வாசலோடு அனுப்பச் சொல்லுங்கள். கழகம் 5 லட்சத்துக்கு மேல் யாருக்கும் தராது, சட்டத்தில் இடமே இல்லை. 5 லட்சம் வாங்க யாருக்கும் கமிஷன் தர வேண்டியதும் இல்லை. ஓடிபி கேட்டாலும் ஆதார் நகலில் கையெழுத்துக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்பதை டிஐசிஜிசி தளத்தில் 'தாவா சூச்சக்' என்ற வசதியில் கைபேசி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

மீதி 9 லட்சம் லிக்விடேட்டர் வசூலிப்பதைப் பொறுத்தது. அவர் வங்கியின் சொத்துகளை விற்பார், கடன்களை வசூலிப்பார். கழகம் கொடுத்த காப்பீட்டுத் தொகையும் அந்த வசூலிலிருந்து கழகத்துக்குத் திரும்பப் போக வேண்டும். அதனால் பெரிய டெபாசிட்தாரர் கைக்கு வருவது தாமதமாகும், முழுசாக வராமலும் போகலாம். பொய் நம்பிக்கை தர மாட்டேன்.

ஆனால் சும்மா இருக்கவும் வேண்டாம். 5 லட்சத்துக்கு மேல் உள்ளவர்கள் ஒரு சங்கமாகச் சேருங்கள். லிக்விடேட்டரிடம் மீதித் தொகைக்கான உரிமைக் கோரிக்கையை எழுத்தில் பதிவு செய்யுங்கள். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 88-ஆம் பிரிவில், வங்கிக்கு நட்டம் ஏற்படுத்திய இயக்குநர்கள், அதிகாரிகளிடமிருந்து அந்தத் தொகையை ஈடு கட்டச் சொல்லி உத்தரவிட முடியும். அந்த விசாரணை தொடங்கியதா, எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவாளர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். யாரும் கேட்காத கோப்பு அலமாரியிலேயே கிடக்கும்.

இன்னொன்று. உரிமம் ரத்தை எதிர்த்து வங்கி 30 நாளுக்குள் மத்திய அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பழைய இயக்குநர்கள் "மேல்முறையீட்டில் ஜெயிப்போம், காப்பீடு வாங்காதீங்க" என்று கூட்டம் போட்டால் போய் உட்கார்ந்து கேளுங்கள், ஆனால் படிவத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்காதீர்கள். போன வருஷம் 'இணைப்பு வருகிறது' என்று சொன்னவர்களும் அவர்கள்தான்.

#18 கரூர்_தமிழரசி
அப்படியானால் 5 லட்சம் வரம்பையே உயர்த்த வேண்டாமா? ஓய்வு பெறும்போது ஒரு சாதாரண ஊழியருக்கே 20, 30 லட்சம் வருகிறது. அதை நாலைந்து வங்கியில் பிரித்துப் போடு என்று 70 வயதுக்காரரிடம் சொல்வது நியாயமா?

#19 தணிக்கை_பெரியவர்
மூத்த குடிமக்களுக்காவது உயர்த்த வேண்டும் என்பது என் கருத்து. பிரிமியம் 100 ரூபாய் டெபாசிட்டுக்கு வருஷத்துக்கு 12 பைசா என்று 2020-இல் வைத்தார்கள், அதையும் வங்கிதான் கட்ட வேண்டும். சில பைசா கூட்டினால் வங்கிகள் ஒன்றும் சாய்ந்துவிடாது. "அப்படிச் செய்தால் மக்கள் கவலையில்லாமல் மோசமான வங்கியில் போடுவார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. வங்கியின் ஆய்வு அறிக்கையைக் கண்ணில்கூடக் காட்டாமல், நல்ல வங்கியை நீயே தேர்ந்தெடு என்று ராகவியின் அப்பாவிடம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

உயர்த்தும்வரை செய்யக்கூடியது இது. ஆண்டறிக்கை வாங்கிப் பாருங்கள், உறுப்பினராக இருந்தால் கேட்க உரிமை உண்டு. மூலதனத் தகைமை விகிதம் (கொடுத்த கடனுக்கு எதிராக வங்கியின் சொந்த மூலதனம் எவ்வளவு என்பது) ரிசர்வ் வங்கி வைத்த அளவுக்குக் கீழே போயிருக்கிறதா? நிகர வாராக்கடன் ஏறிக்கொண்டே இருக்கிறதா? டிவிடெண்ட் திடீரென நின்றதா, பொதுக்குழு தள்ளிப்போகிறதா? ரிசர்வ் வங்கி அபராதம் போட்ட செய்தி வந்தால் எதற்காகப் போட்டது என்று படியுங்கள். கேஒய்சி குறைபாட்டுக்கான அபராதம் பல வங்கிகளுக்கு வருவது. கடன் வரம்பு மீறல், இயக்குநர் தொடர்பான கடன் என்று இருந்தால் பணத்தை எடுக்கும் நேரம்.

#20 ராகவி_சயான்
எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

லிக்விடேட்டர் பொறுப்பேற்றுவிட்டார். தலைமைக் கிளையில் காலையில் படிவம் வாங்குகிறார்கள். அப்பாவின் கேஒய்சியில் பழைய முகவரி இருந்தது, மாற்றிக் கொடுத்தோம். நாலு கணக்குக்கும் தனித்தனிப் படிவம், வேறு வங்கியின் ரத்து செய்த காசோலை, ரசீது நகல். ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொண்டோம். கவுன்டரில் இருந்தவர் இரண்டு கூட்டுக் கணக்கையும் ஒரே வரியில் எழுதப் பார்த்தார். பெயர் வரிசை வேறு என்று காட்டினேன், பிரித்து எழுதினார். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு அது கண்ணில் பட்டிருக்காது.

சித்தப்பா மச்சானிடம் பணம் வாங்கவில்லை. கடனை டெபாசிட்டில் நேர் செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தார். முதலில் வாங்க மறுத்தார்கள், பதிவுத் தபாலிலும் அனுப்பினோம், அப்புறம் வாங்கிக்கொண்டார்கள்.

5 லட்சத்துக்கு மேல் உள்ளவர்கள் வரிசையில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர் லிஃப்ட் மாற்ற வைத்திருந்த பணம் முழுக்க மாட்டியிருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசலாம் என்று எண்களை எழுதிக்கொண்டோம். செம்பூர் முருகன், உங்கள் கட்டடத்துக்காரரையும் வரச் சொல்லுங்கள், இடம் தனிமடலில் அனுப்புகிறேன். வழக்குரைஞர் அண்ணா, 88-ஆம் பிரிவு விசாரணை பற்றிக் கேட்கும் தகவல் உரிமை மனுவை நான் எழுதுகிறேன். அனுப்புமுன் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா?

#21 வழக்குரைஞர்_தாராவி
அனுப்புங்கள் ராகவி. மனுவில் மூன்று கேள்வி போதும்: விசாரணை அதிகாரி நியமிக்கப்பட்டாரா, எந்தத் தேதியில், அறிக்கை எப்போது கொடுக்க வேண்டும். 'ஏன்' என்று கேட்காதீர்கள், அதைச் சாக்காக வைத்து நிராகரிப்பார்கள். கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளின் நகலைத் தனி மனுவாகப் போடுங்கள்.